குழியிலிருந்து பதிவேடு வரை: இடைக்கால வீட்டுப் பானையோடுகளைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஊருக்குள் நடக்கும் அகழாய்வில் மிகுதியாகக் கிடைப்பது பானையோடுதான். காசோ செப்பேடோ வந்தால் செய்தியாகும். ஓடு வந்தால் சாக்கில் கட்டி ஓரமாக வைப்பார்கள். பல இடங்களில் அந்தச் சாக்கு பிறகு அவிழ்க்கப்படுவதே இல்லை. யார் நிலம் கொடுத்தார், யார் நந்தாவிளக்கு வைத்தார் என்று கோவில் கல்வெட்டு சொல்லும். அதே தெருவில் அடுப்பு மூட்டியவர் என்ன ஆக்கினார், எத்தனை பேருக்கு ஆக்கினார், தண்ணீரை எதில் வைத்தார் என்பதை அது சொல்லாது. அதற்குக் கரி படிந்த சட்டியின் விளிம்புதான் சாட்சி.

நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடைப்பட்ட எங்கள் எல்லைப் பகுதிக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். இங்குள்ள செம்புரை மண் அமிலத்தன்மை கொண்டது, எலும்பைத் தின்றுவிடும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்வதால் மரம், ஓலை, துணி எதுவும் நிற்பதில்லை. மிஞ்சுவது சுட்ட மண்.

பழைய ஊர்களுக்கும் இங்கே குறைவில்லை. கோட்டாறு பெரிய வணிக ஊர். முதலாம் இராசராசன் காலத்தில் மும்முடிச்சோழநல்லூர் என்று பெயர் பெற்றது. விழிஞ்ஞம் ஆய் மன்னர்களின் கோட்டையும் துறைமுகமும். பாண்டியரும் சோழரும் அதற்காகப் படையெடுத்தார்கள். பார்த்திவசேகரபுரத்தில் 866-இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 95 மாணவர்களுக்காக ஒரு சாலையை, அதாவது கல்விக்கூடத்தை, நிறுவினான். திருவிதாங்கோடும் பத்மநாபபுரமும் வேணாட்டு அரசர்கள் இருந்து ஆண்ட ஊர்கள். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. அதற்கு முன் பானை வனைந்தவருக்கும் வாங்கியவருக்கும் களியக்காவிளையில் ஓர் எல்லை இருந்ததில்லை. இன்று எல்லைக்கு இந்தப் பக்கம் கிடைக்கும் ஓடு ஒரு துறையிடமும், அந்தப் பக்கம் கிடைப்பது இன்னொரு துறையிடமும் போகின்றன. ஒரே சூளையில் வெந்த இரண்டு சட்டிகள் வெவ்வேறு பெயரில், வெவ்வேறு அளவுமுறையில் பதிவாகி, ஒன்றையொன்று பார்க்காமலே கிடக்கின்றன.

பக்கத்து மாநிலத்தில் இருப்பவரும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் விதத்தில் ஓட்டைப் பதிவு செய்ய வேண்டும். இந்த வழிகாட்டியின் நோக்கம் அதுதான். அகழாய்வில் வேலைக்கோ பயிற்சிக்கோ சேரும் மாணவர்களையும், உள்ளூர்க்காரர்களையும், வரலாற்றில் ஈடுபாடு உள்ள ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். காலம் ஏறத்தாழ 9-ஆம் நூற்றாண்டு முதல் 17-ஆம் நூற்றாண்டு வரை.

தொடங்கும் முன்: சட்டம்

வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ கிணறு வெட்டும்போதோ பழைய பானை தட்டுப்பட்டால் வேலையை நிறுத்துங்கள், படம் எடுங்கள், கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையின் மாவட்ட அலுவலகத்திலோ சொல்லுங்கள். மண்ணுக்குள் புதைந்து கிடந்து, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கைவினைப் பொருள் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அனுமதி பெற்ற அகழாய்வு இல்லாமல் யாரும் தோண்டக் கூடாது. கீழே சொல்வதெல்லாம் அனுமதியோடு, ஓர் இயக்குநரின் பொறுப்பில் நடக்கும் அகழாய்வுக்கு உரியது.

படி 1: குழியில் எடுக்கும்போது

பத்து மீட்டர் சதுரத்தை நான்காகப் பிரித்து, இடையில் மண்வரப்பு விட்டுத் தோண்டுவது நம் நாட்டு வழக்கம். வரப்பின் செங்குத்து முகத்தில் மண்ணடுக்குகள் தெரியும். ஓட்டின் மதிப்பில் பாதி அது எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. அடுக்குத் தெரியாத ஓடு எவ்வளவு அழகாக இருந்தாலும் காட்சிப் பேழைக்கு மட்டுமே உதவும்.

ஊருக்குள் தோண்டும் குழியில் அடுக்குகள் அமைதியாக ஒன்றன்மேல் ஒன்று படுத்திருப்பதில்லை. பின்னால் வந்தவர்கள் குப்பைக்குழி, கக்கூஸ் குழி, தூண்குழி, கிணறு என்று வெட்டியிருப்பார்கள். பழைய சுவரின் செங்கல்லைப் பெயர்த்து எடுத்துப் போயிருப்பார்கள். 1945-இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது செங்கல் கொள்ளையர் வெட்டிய பள்ளங்களைத் தனியாக அடையாளம் கண்டார். ரோமானியத் தொடர்புள்ள அந்த ஊரில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பிந்திய சீனப் பச்சைப் பீங்கான் ஓடுகளும் கிடைத்தன. பள்ளத்து மண்ணையும் அடுக்கு மண்ணையும் ஒரே கூடையில் போட்டிருந்தால் குழப்பம்தான் மிஞ்சியிருக்கும். எனவே மண்ணின் நிறமோ இறுக்கமோ வட்டமாக மாறினால் அங்கே கொத்துவதை நிறுத்திப் பள்ளத்தின் விளிம்பைத் தேடுங்கள். பள்ளத்து ஓட்டுக்குத் தனிப்பை, தனி எண்.

ஒவ்வொரு பைக்கும் இரண்டு சீட்டு: ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. ஊரின் குறியெழுத்து, சதுரம், கால்பகுதி, அடுக்கு, ஆழம், தேதி, எடுத்தவரின் முதலெழுத்து. உள்ளே போகும் சீட்டைச் சிறிய ஜிப் கவரில் போட்டு மூடுங்கள்; ஐப்பசி மழைக்குப் பென்சில் எழுத்து தாங்கும், பேனா மை தாங்காது.

மண்வெட்டியில் சிக்கும் பெரிய ஓட்டை மட்டும் பொறுக்கினால் அகல்விளக்கின் மூக்கும் மூடியின் குமிழும் வண்டிமண்ணோடு போய்விடும். முடிந்த அளவுக்கு மண்ணைச் சலியுங்கள்.

படி 2: கழுவக் கூடாதவற்றைப் பிரிப்பது

கழுவுவதற்கு முன்னால் பிரிக்க வேண்டும். தொட்டியில் போட்ட பிறகு யோசித்துப் பயனில்லை.

உட்புறம் கரியோ பிசினோ காய்ந்த கறையோ ஒட்டியிருக்கும் ஓட்டைக் கழுவாதீர்கள். சுட்ட மண்ணின் நுண்துளைகளில் எண்ணெயும் கொழுப்பும் ஊறியிருக்கும். ஆய்வகத்தில் சில கிராம் தூளிலிருந்து அவற்றைப் பிரித்து, மீனா, மாடா, செடியெண்ணெயா என்று வகை பார்க்க முடியும். அப்படிப்பட்ட ஓட்டை வெறுங்கையால் தொட வேண்டாம், பிளாஸ்டிக் பையிலும் நேராகப் போட வேண்டாம். இரண்டுமே மாதிரியைக் கெடுக்கும். அலுமினியத் தாளில் சுற்றித் தனியே வையுங்கள்.

எழுத்துப் பொறித்தது, வண்ணம் தீட்டியது, உட்புறம் கறுப்பாகக் கீல் (தார்) பூசியது, பூச்சு உதிர்கிற கண்ணாடிப் பூச்சு ஓடு ஆகியவையும் தனி. கீல் பூசிய ஓடு பெரும்பாலும் மேற்காசியாவிலிருந்து வந்த நீண்ட ஜாடியின் துண்டாக இருக்கும்.

படி 3: கழுவலும் உலர்த்தலும்

நல்ல தண்ணீர், மென்மையான பிரஷ், பொறுமை. சோப்பும் அமிலமும் வேண்டாம். அமிலம் மண்ணிலுள்ள சுண்ணாம்புத் துகளைக் கரைத்துவிடும். உடைந்த விளிம்பை நன்றாகக் கழுவுங்கள், ஏனென்றால் பிறகு நாம் படிக்கப்போவது அந்த முறிவைத்தான். மேற்பரப்பை அழுத்தித் தேய்க்காதீர்கள். செம்மண் பூச்சு பிரஷோடு வந்துவிடும். அரைகுறையாக வெந்த ஓட்டை ஊற வைத்தால் கரையும்.

குளச்சல், விழிஞ்ஞம் போன்ற கடலோர ஊர் மண்ணில் உப்பு இருக்கும். அது ஓட்டுக்குள் ஊறி, காய்ந்ததும் படிகமாகி, மேல்தோலை உரித்துத் தள்ளும். அங்கே கிடைத்த நன்றாக வெந்த ஓடுகளை நல்ல தண்ணீரில் ஊற வைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். நிழலில் உலர்த்துங்கள். ஒரு தட்டில் ஒரே அடுக்கின் ஓடு மட்டும், சீட்டு அதன்மேல்.

படி 4: எண் எழுதுதல்

ஓட்டின் உட்புறத்தில், முறிவிலோ விளிம்பிலோ படாதபடி, அசிட்டோனில் கரைத்த பாரலாய்ட் பி-72 என்ற செயற்கைப் பிசினை ஒரு சிறு பட்டையாகப் பூசி, காய்ந்ததும் கறுப்பு மையால் எண் எழுதி, மேலே இன்னொரு பூச்சுக் கொடுங்கள். தேவையென்றால் அசிட்டோனால் துடைத்து நீக்கலாம். நகப்பாலிஷ் வருடங்கள் போகப்போக மஞ்சளாகி உரியும். உடைந்த துண்டுகளை ஒட்டவும் பாரலாய்ட்தான். கடையில் கிடைக்கும் உடனடிப் பசையால் ஒட்டினால் பிறகு பிரிக்க முடியாது.

படி 5: முற்றத்தில் பரப்புதல்

பாட்டரி யார்டு என்று களத்தில் எல்லாரும் சொல்லும் இடம் இதுதான். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கட்டம் வரைந்து, ஒரு பக்கம் சதுரங்கள், இன்னொரு பக்கம் அடுக்குகள் என ஓடுகளைப் பரப்புகிறோம். ஒரே பார்வையில் கீழடுக்கிலிருந்து மேலடுக்கு வரை நடந்து பார்க்கலாம். எந்த வகை எங்கே தொடங்குகிறது, எங்கே மெலிகிறது என்பதைக் கணினியில் அட்டவணை போடுவதற்கு முன்பே கண் பிடித்துவிடும். ஓர் அடுக்கின் ஓடு இன்னோர் அடுக்கின் ஓட்டோடு பொருந்தி ஒட்டினால் உடனே குறித்துக்கொள்ளுங்கள்; அந்த இரண்டு அடுக்குகளுக்கிடையே யாரோ தோண்டியிருக்கிறார்கள்.

படி 6: மண்ணைப் படித்தல்

முதலில் பெயரால் பிரிக்காதீர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கலம் என்று எழுதப்படும் பாத்திரம் இந்தப் பக்கம் பானை என்று பதிவாகும். மண்ணால் பிரியுங்கள், மண்ணுக்கு மாநிலம் கிடையாது.

இடுக்கியால் ஓர் ஓரத்தைச் சிறிதாகக் கிள்ளிப் புதிய முறிவு உண்டாக்கி, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். கவனிக்க வேண்டியவை இவை. மணல் துகள் பெரிதா சிறிதா, உருண்டையா கூர்மையா. உருண்டையானால் ஆற்றிலோ கடற்கரையிலோ புரண்ட மணல். செம்புரைக் கல்லின் சிவந்த உருண்டைகள் இருக்கின்றனவா. அபிரகம் (மைக்கா) மினுங்குகிறதா. உமி எரிந்த வெற்றுத்துளைகள் உண்டா. பழைய ஓட்டை இடித்துக் கலந்திருக்கிறார்களா.

அடுத்தது நடுநிறம். வெளியே சிவப்பு, நடுவில் கறுப்பு என்றால் சூளையில் காற்றோ நேரமோ போதவில்லை. மண்ணிலிருந்த கரி எரிந்து முடியவில்லை. முழுவதும் சாம்பல்நிறம் என்றால் புகையை அடக்கிச் சுட்டது. நிறத்தை எழுதும்போது 'செங்கல் நிறம்', 'காவி' என்று எழுதாமல் மன்செல் மண்நிற அட்டையின் எண்ணை எழுதுங்கள். திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து படிப்பவருக்கு உங்கள் காவி எது என்று தெரியாது; அட்டையின் எண் தெரியும்.

எங்கள் பக்க இடைக்கால அடுக்குகளில் பெரும்பகுதி சொரசொரப்பான சிவப்பு ஓடு. அதோடு செம்மண் பூச்சுள்ளவை, சாம்பல்நிறம் அல்லது கறுப்பு ஓடுகள். சங்ககால ஊர்களில் பழகிய பளபளக்கும் கறுப்பு-சிவப்பு ஓடு இந்த அடுக்குகளில் வந்தால், கீழிருந்து கலைந்து மேலே வந்ததா என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

படி 7: வனைந்த விதம்

ஓட்டைச் சாய்வெளிச்சத்தில் பிடியுங்கள். கழுத்திலும் விளிம்பிலும் கிடையாக ஓடும் மெல்லிய கோடுகள் சக்கரத்தில் வனைந்த அடையாளம். வயிற்றின் உட்புறம் ஆழமில்லாத குழிகுழியாக இருந்தால் அது தட்டுக்கல் பட்ட இடம். நம் குயவர்கள் வாயையும் கழுத்தையும் சக்கரத்தில் முடித்து, பாதி உலர்ந்ததும் உள்ளே கல்லை வைத்து வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மெலிதாக்கி உருட்டுவார்கள். இன்றும் வேளார் வீடுகளில் அந்தச் சத்தம் கேட்கலாம். பலகையில் வெட்டுக்கோடு இருந்தால் அது பானையின் அடியில் பதிந்திருக்கும்.

இதைக் குறிப்பது வீண்வேலை அல்ல. மெல்லிய உருண்டை அடி நெருப்பில் சீராகச் சூடாகும், விரிசல் விடாது, மூன்று கல் அடுப்பில் அசையாமல் உட்காரும். தட்டையான, கனத்த அடி அடுப்புக்கு ஆகாது. அது தரையில் வைக்கும் பாத்திரம்.

படி 8: வடிவமும் வாய்விட்டமும்

விளிம்பு, கழுத்து, மூக்கு, கைப்பிடி, அடி, மூடி, வயிற்றில் முனையாக மடிந்த பகுதி ஆகிய துண்டுகளே வடிவம் சொல்லும். மற்றவை வயிற்றோடு, அதாவது பானையின் வயிற்றுப்பகுதித் துண்டுகள்.

விளிம்பைச் சமமான மேசையில் கவிழ்த்து வையுங்கள். விளிம்புக்கும் மேசைக்கும் இடையே வெளிச்சம் தெரியாத வரை முன்னும் பின்னும் சாயுங்கள். வெளிச்சம் மறைகிற நிலைதான் பானை நின்ற கோணம். கோணம் தவறினால் குடம் சட்டியாகிவிடும். பிறகு, ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் வட்டங்கள் வரைந்த அட்டையில் விளிம்பை வைத்து, எந்த வட்டத்தோடு பொருந்துகிறதோ அதை விட்டமாக எழுதுங்கள். கூடவே, முழுவட்டத்தில் அது எத்தனை சதவீதம் என்பதையும் எழுதுங்கள்.

வாய்விட்டம் எனக்குப் பிடித்த அளவு. ஒரு தெருவின் சோற்றுப் பானை விளிம்புகளை எல்லாம் அளந்து பாருங்கள். பெரும்பாலானவை ஒரு குறுகிய அளவுக்குள் குவிந்தால் அது குடும்பச் சமையல். அதைவிட மிகப் பெரிய விட்டங்கள் தனிக்கூட்டமாக நின்றால், அங்கே ஊட்டுப்புரையோ (பலருக்கு உணவிடும் கூடம்) மடமோ சாலையோ இருந்ததா என்று கேட்கலாம். பார்த்திவசேகரபுரத்தில் 95 பேருக்கு ஆக்கிய அடுக்களையின் பானை, பக்கத்துத் தெரு வீட்டின் பானை அளவில் இருந்திருக்காது. கல்வெட்டில் படித்ததை மண்ணில் சோதிக்கக் கிடைக்கும் அரிய வாய்ப்பு இது. ஒரு வட்ட அட்டை போதும்.

படி 9: எண்ணுதல், எடை போடுதல்

எண்ணிக்கை மட்டும் போதாது. மெல்லிய குடம் நூறு துண்டாக உடையும். கனத்த குதிர் பத்துத் துண்டாக உடையும். எடை மட்டும் பார்த்தாலும் குதிர்தான் ஜெயிக்கும். எனவே மூன்றையும் எழுதுங்கள்: துண்டு எண்ணிக்கை, எடை, விளிம்புச் சதவீதக் கூட்டல். ஓர் அடுக்கில் ஒரே மண், ஒரே வடிவ விளிம்புகள் 35, 20, 15, 40, 10 சதவீதம் கிடைத்தால் கூட்டல் 120. அதாவது ஒன்றேகால் பானைக்கு நெருக்கமான விளிம்பு நம் கையில் இருக்கிறது. உடைந்த அளவு கூடினாலும் குறைந்தாலும் இந்தக் கணக்கு அதிகம் ஏமாற்றாது. வேறு ஊரோடு ஒப்பிடும்போது இதையே நம்புங்கள்.

வயிற்றோடுகளையும் மண்வகை வாரியாக எண்ணி எடை போட்ட பிறகுதான் வைப்பதா கழிப்பதா என்ற பேச்சு. அதை முடிவு செய்ய வேண்டியவர் இயக்குநர். எண்ணாமல் கழித்த ஓட்டை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

படி 10: வரைதல்

படம் எடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. விளிம்பின் தடிப்பும் வளைவும் குறுக்குவெட்டில்தான் தெரியும்.

நடுக்கோடு ஒன்று. இடப்பக்கம் குறுக்குவெட்டும் உட்புறமும், வலப்பக்கம் வெளிப்புறம். தச்சர்கள் வைத்திருக்கும் ஊசிச்சீப்பு அளவியை ஓட்டில் அழுத்தினால் வளைவு அப்படியே பதியும். அதைத் தாளில் வைத்து வரையுங்கள். தடிப்பைக் காலிப்பரால் பல இடங்களில் அளந்து உறுதி செய்யுங்கள். முழு அளவில் வரைந்து, அச்சில் மூன்றில் ஒன்றாகவோ நான்கில் ஒன்றாகவோ சுருக்குவது வழக்கம். அளவுக்கோல் இல்லாத படத்தை ஏற்காதீர்கள்.

படி 11: என்ன வேலைக்கு இருந்தது?

இங்கே உள்ளூர்க்காரர்கள் எந்த நிபுணரையும் விட முன்னால் நிற்கிறார்கள். எங்கள் பக்கத்தில் மீன்கறிக்கு இன்னும் மண்சட்டிதான். வாய் அகன்று, ஆழம் குறைந்து, புளியும் தேங்காயும் மீனும் உடையாமல் கிடக்கிற பாத்திரம் அது; அகப்பையால் கிண்டாமல் சட்டியைப் பிடித்துச் சுற்றிவிடுவார்கள். சோற்றுப் பானைக்கு வாய் குறுகி, விளிம்பு வெளியே விரிந்திருக்கும். விளிம்புத் துண்டொன்றைப் பார்த்த பாட்டி ஒருவர் இப்படிச் சொன்னார்: "மக்களே, இது கறிச்சட்டி இல்ல, சோத்துப் பான. வாயப் பாத்தியா, மூடிய வச்சு சரிச்சு கஞ்சி வடிக்கதுக்கு உள்ள வாய்." அந்த ஒரு வாக்கியத்துக்குள் வடிவத்துக்கான காரணம் முழுதாக இருந்தது.

ஓட்டில் சில தடயங்களைத் தேடுங்கள். வெளியே அடியிலும் வயிற்றிலும் புகைக்கரி என்றால் அடுப்பேறியது. அடியின் நடுவில் மட்டும் கரி இல்லாமல் சிவந்திருந்தால் நெருப்பு நேராகப் பட்டுக் கரியை எரித்திருக்கிறது. பாத்திரம் தணலுக்குச் சற்று மேலே நின்றது. உட்புறம் தண்ணீர்மட்டத்தில் வெள்ளை வளையம் படிந்திருந்தால் வெந்நீர் காய்ச்சிய பானையாக இருக்கலாம். புகையே இல்லாமல் கழுத்தில் கயிறு தேய்ந்த தடம் இருந்தால் உறியில் தொங்கியதோ கிணற்றில் இறங்கியதோ. விளிம்பின் ஓரிடம் மட்டும் கறுத்திருக்கும் சிறு கிண்ணம் அகல். சிறிய உருண்டைக் கலயம் கிடைத்தால் பனையேறியின் வீட்டை நினையுங்கள். அக்கானி (பதநீர்) இறக்க இன்றும் அந்த வடிவமே பயன்படுகிறது.

ஓர் எச்சரிக்கை. உட்புறம் கறுத்த பளபளப்பு எல்லாம் கருகிய குழம்பு அல்ல. புதுச்சட்டியை அரிசி கழுவிய தண்ணீரிலும் கஞ்சியிலும் ஊறவைத்து, தேங்காய்த் துருவலை வறுத்துப் பழக்கிய பிறகே நம் வீடுகளில் சமைப்பார்கள். அந்தப் பழக்கலே ஒரு மெல்லிய கறுப்புப் படலத்தை விடும்.

இன்றைய வழக்கத்தை அப்படியே ஆயிரம் ஆண்டு பின்னுக்குத் தள்ளுவதும் சரியல்ல. மிளகாய் போர்த்துகீசியர் வந்த பிறகே இந்தக் கரைக்கு வந்தது. இராசராசன் காலத்துக் கோட்டாற்றின் மீன்சட்டியில் காரம் இருந்தது என்றால் அது மிளகின் காரம். வடிவத்துக்கு இன்றைய அடுக்களை சான்று. உள்ளே இருந்ததற்கு ஆய்வகம்தான் சான்று.

படி 12: காலம் கணித்தல்

வீட்டுச் சட்டி மெதுவாக மாறும் பொருள். நன்றாக வேலை செய்யும் விளிம்பை ஏன் மாற்ற வேண்டும்? ஆகவே சட்டியை மட்டும் பார்த்து நூற்றாண்டு சொல்பவரை நம்பாதீர்கள். சட்டியோடு ஒரே அடுக்கில் கிடக்கும் வேறு பொருள்தான் தேதி கொடுக்கும்.

முதலில் காசு. இராசராசன் பெயர் பொறித்த செப்புக்காசு கிடைத்தால், அந்த அடுக்கு அவன் ஆட்சி தொடங்கிய 985-க்கு முன் படிந்திருக்க முடியாது. பின் படிந்திருக்கலாம், எவ்வளவு பின் என்று காசு சொல்லாது. கரித்துண்டு கிடைத்தால் கார்பன்-14 காலக்கணிப்பு.

அடுத்தது வெளிநாட்டு ஓடுகள். மேற்காசியாவின் நீலப்பச்சைப் பூச்சுள்ள ஜாடிகள் 8 முதல் 10-ஆம் நூற்றாண்டு அடுக்குகளில் இந்தியப் பெருங்கடலைச் சுற்றிப் பரவலாகக் கிடைக்கின்றன. சீனாவின் யுவே பச்சைப் பீங்கான் 9, 10-ஆம் நூற்றாண்டு. லோங்சுவான் பச்சைப் பீங்கான் பெருமளவில் வந்தது 13, 14-ஆம் நூற்றாண்டுகளில். ஜிங்டெஜெனின் நீலவெள்ளைப் பீங்கான் 14-ஆம் நூற்றாண்டிலிருந்து. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேடு, இராமநாதபுரம் கரையின் பெரியபட்டினம், கொல்லம் துறைமுகம் ஆகிய இடங்களில் சீன ஓடுகள் கிடைத்திருக்கின்றன. நம் பகுதியில் ஒப்பிடுவதற்கு விழிஞ்ஞம் அருகிலேயே இருக்கிறது. கேரளப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்திருக்கிறது. ஆனால் விலையுயர்ந்த கிண்ணத்தைப் பாட்டியிடமிருந்து பேத்தி வாங்கி வைத்திருப்பாள். அது செய்யப்பட்ட நூற்றாண்டும் உடைந்து குப்பைக்குப் போன நூற்றாண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

பிந்திய காலத்தைக் கண்டுபிடிக்க எளிய வழிகள் உண்டு. மண் சுங்கானோ (புகைக்குழாய்) ஹூக்காத் துண்டோ கிடைத்தால் புகையிலை வந்த பிறகு, அதாவது போர்த்துகீசியர் வந்த 1498-க்கு வெகுவாகப் பிந்தியது. இயந்திரத்தில் அழுத்திய, கொக்கிப் பள்ளமுள்ள மங்களூர் கூரை ஓடு கிடைத்தால் 1865-க்குப் பின், ஏனென்றால் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு மங்களூரில் அந்த ஆலையை அப்போதுதான் தொடங்கியது. இடைக்கால அடுக்கு என்று எழுதிய பையில் மங்களூர் ஓட்டின் ஒரு துண்டு இருந்தாலும் அந்தப் பையைத் திறந்து மறுபடி விசாரிக்க வேண்டும்.

இப்படித் தேதியிட்ட அடுக்குகள் நாலைந்து சேர்ந்தால்தான் சாதாரண விளிம்புக்கும் காலம் ஒட்டத் தொடங்கும். சீனக் கிண்ணம் கிடைக்காத உள்ளூர்களை, தோவாளையோ விளவங்கோட்டின் உட்புறமோ, அந்தச் சாதாரண விளிம்பைக் கொண்டே கணிக்கலாம். கறிச்சட்டி ஓட்டைக் கிண்ணத்தின் ஓட்டுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். கிண்ணம் துறைமுகத்தில் மட்டும் கிடைக்கும். சட்டி எல்லா வீட்டிலும் கிடைக்கும்.

படி 13: வைப்பும் மாதிரிப் பெட்டியும்

துளையிட்ட பாலித்தீன் பை, உள்ளே சீட்டு, உறுதியான பெட்டி, பெட்டிக்கு வெளியே உள்ளடக்கப் பட்டியல். கனத்தவை அடியில். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் அடுக்குங்கள். எங்கள் பக்கத்து ஈரமும் கரையானும் சாக்கையும் அட்டையையும் ஒரு மழைக்காலத்தில் முடித்துவிடும். பதிவேடு கணினியிலும் தாளிலும் இருக்கட்டும்.

கடைசியாக, இயக்குநரின் அனுமதியோடு ஒரு மாதிரிப் பெட்டி தயாரியுங்கள். ஒவ்வொரு மண்வகைக்கும் அடையாளமான ஓர் ஓடு, புதிய முறிவோடு, ஒவ்வொரு விளிம்பு வகைக்கும் ஓர் ஓடும் அதன் வரைபடமும், மன்செல் எண், லென்ஸ் வழியே எடுத்த முறிவுப் படம், மில்லிமீட்டர் அளவுக்கோலோடு. வடிவங்களுக்குப் பெயருக்குப் பதில் எண் கொடுங்கள், அந்த எண்ணுக்கு நேரே இரு பக்கத்து வழக்குப் பெயரையும் எழுதுங்கள். வரைபடத்தையும் படத்தையும் பட்டியலையும் எல்லைக்கு இருபுறமும் உள்ள தொல்லியல் துறைகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் அனுப்புங்கள். அவர்களிடமும் அதே முறையில் ஒரு பட்டியல் கேளுங்கள். விட்டம், சதவீதம், மண்வகை, நிற எண் ஆகிய நான்கு பத்திகளும் இரு பட்டியலிலும் ஒரே வரிசையில் இருந்தால், ஒப்பீட்டை மறுநாளே தொடங்கலாம்.